மாதிரிக் கையெழுத்து

மணி இரண்டு நாற்பத்து மூன்று.

கடன் பிரிவு அதிகாரி இரண்டு தாள்களை அருகருகே வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

ஒன்று, இரண்டு மாதத்துக்கு முன் வங்கிக்கு வந்த கடன் விண்ணப்பம். இன்னொன்று, இன்று போட வைத்த மாதிரிக் கையெழுத்து.

“ஒத்துப்போகலையே, மேடம்.”

எதிரே உட்கார்ந்திருந்தவள் பேனாவைக் கீழே வைக்கவில்லை. பக்கத்தில் அவள் கணவன் முழங்காலை ஆட்டிக்கொண்டிருந்தான். மேசையும் சேர்ந்து ஆடியது.

மாதிரித் தாளில் மூன்று கட்டங்கள். ஒன்று போயிற்று.

மூன்று மணியோடு வங்கியில் அன்றைக்குக் காசோலை கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். காசோலை இல்லாமல் பத்திரம் பதிவாகாது. வீட்டை விற்பவர் கொடுத்த கெடு இன்றோடு முடிகிறது. தவறினால் அட்வான்ஸ் திரும்பாது. அது ஒன்பது வருடச் சேமிப்பு.

வாடகை வீட்டில் சாமான்களைக் கட்டி வைத்தாயிற்று. திங்கட்கிழமை அங்கே வேறு குடும்பம் வருகிறது.

வீட்டுக்கு ஒரு விலை. அந்த விலையைக் கொடுப்பதற்குத் தனியாக ஒரு விலை. விண்ணப்பத்தைப் பார்க்க ஒரு கட்டணம். வீட்டை மதிப்பிட ஒரு கட்டணம். வக்கீல் பத்திரங்களைப் படித்துச் ‘சரி’ என்று எழுத ஒரு கட்டணம். எல்லாம் முடிந்தது என்று மூச்சு விட்டபோது, கடனுக்குக் காப்பீடு என்றார்கள். அதற்கு அவள் ஸ்கூட்டர் போனது. இன்று பஸ்ஸில் வந்தார்கள்.

“பதறாதம்மா. நிதானமா போடு,” என்றான் கணவன்.

இரண்டாவது கட்டத்தில் போட்டாள்.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். ஒரு நாளைக்கு நூறு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறவள். அழுகிற குழந்தையின் கையில்கூட முதல் குத்திலேயே அவளுக்கு நரம்பு அகப்படும். அவள் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை.

அதிகாரி உதட்டைப் பிதுக்கினார்.

“நேத்து சரியா தூங்கல சார், அதான்,” என்றான் கணவன், அவளுக்காக.

“என் கையெழுத்தே எனக்கு ரெண்டு தடவை ஒரே மாதிரி வராது சார்,” என்றார் அதிகாரி. “நானா இருந்தா விட்டுடுவேன். மேல ஒருத்தர் இருக்காரு, பூதக்கண்ணாடியோடயே பொறந்தவரு.”

யாரும் சிரிக்கவில்லை.

கணவனின் செல்போன் அடித்தது. பதிவு அலுவலகத்தில் காத்திருக்கும் தரகர். அவர் போட்ட சத்தம் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கேட்டது.

“சார், வீட்டை விக்கிற மனுஷன் பேனாவை மூடிச் சட்டைப் பையில சொருகிட்டாரு! எங்க இருக்கீங்க?”

“கிளம்பிட்டோம்ண்ணே. வந்துக்கிட்டே இருக்கோம்.”

இரண்டு நாற்பத்தொன்பது.

அதிகாரி விண்ணப்பத்தை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். கடைசிப் பக்கம். மேலே கணவனின் கையெழுத்து. அதன் கீழே, இணை விண்ணப்பதாரர் என்ற இடத்தில், அவள் பெயர். அதற்கும் கீழே தேதி.

குனிந்து பார்த்தாள்.

இனிஷியலுக்குப் பிறகு புள்ளி இல்லை. சின்னதாக ஒரு கோடு. கடைசி எழுத்தின் வால் மேலே ஏறாமல் கீழே இறங்கியிருந்தது. மற்றபடி நல்ல கையெழுத்து. அவசரமில்லாமல் போட்டது.

தேதியைப் பார்த்தாள். அன்றைக்கு வங்கித் தாள் எதுவும் அவள் கைக்கு வந்ததில்லை.

“இது நீங்க போட்டதுதானே, மேடம்?”

அதிகாரி சாதாரணமாகத்தான் கேட்டார்.

மேசை ஆடுவது நின்றது.

அவள் கணவன் பக்கம் திரும்பவில்லை. வெளியே வரிசையில் யாரோ டோக்கன் நம்பரைச் சத்தமாகக் கேட்டார்கள்.

“ஆமா,” என்றாள்.

“அப்ப இதைப் பார்த்தே போட்டுடுங்க. ஒரு கட்டம்தான் இருக்கு.”

ஒரு வெள்ளைத் தாள் கேட்டாள். அதிகாரி கொடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதல் தடவை கோடு நீண்டுவிட்டது. அடுத்ததில் வால் மேலே ஏறிவிட்டது. பழக்கம். மூன்றாவதில் வந்தது. நான்காவது, மூன்றாவதைப் போலவே வந்தது.

பிறகு மூன்றாவது கட்டத்தில் போட்டாள்.

அதிகாரி பார்த்தார். தலையசைத்தார். கடன் ஒப்பந்தத்தை எடுத்து முன்னால் வைத்தார். இருபது வருடக் கடன். பதினான்கு பக்கங்கள், பதினான்கு இடங்கள். விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டே வந்தார். ஓர் இடத்திலும் பிசகவில்லை.

“கல்யாணத்துல கூட இத்தனை கையெழுத்துப் போட்டிருக்க மாட்டீங்க, மேடம்.”

இந்த முறை கணவன் மட்டும் சிரித்தான்.

இரண்டு ஐம்பத்தெட்டுக்குக் காசோலை வந்தது.

உறையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அவன் படிகளில் முன்னால் இறங்கினான். தரகருக்குப் போன் போட்டு, பேனாவை வெளியே எடுக்கச் சொன்னான். வாசலில் டாக்சியைக் கை காட்டி நிறுத்தினான். ஏறி, உள்ளே நகர்ந்து, அவளுக்கு இடம் விட்டான்.

“அப்பாடா. இப்பத்தாம்மா உயிரே வந்துச்சு. ஏறு, ஏறு.”

அவள் ஏறவில்லை. திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எனக்காக வேற எதுலயெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கீங்க?”