பழகிப் பார்க்க ஒரு கார்

ஒஹாயோவின் சனிக்கிழமை வெயில் திறந்த கராஜுக்குள் பாதி தூரம் வந்து நிற்கிறது. வெர்லின் தரையில் துண்டு விரித்து இரண்டு கார் பாலிஷ் மெஷின்களை வைத்திருக்கிறார். பெரியது ஒரே இடத்தில் வெறியோடு சுழலும். கை தவறினால் பெயிண்டைச் சுட்டுவிடும். சின்னது ஆடி ஆடிச் சுழலும் சாது. புதியவர்களுக்கு ஏற்றது என்று அதன் பெட்டியிலேயே போட்டிருக்கிறது. குளிர்காலம் முழுக்க பாலிஷ் வீடியோ பார்த்தவர் எப்படிப் புதியவர் ஆவார்? அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்போல் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு பெரியதை எடுக்கிறார். பக்கத்து வீட்டு டுவைட் காபிக் கோப்பையோடு புல்வெளியைத் தாண்டி வருகிறார்.

"பெரிசேவா? தொழில்காரங்களே முதல்ல ஒரு ஓட்டைக் கார் கதவு வாங்கி, அதுலதான்யா பழகுவாங்க."

"எனக்குத் தெரியாதா? அதுக்குத்தான் இது இருக்கே." வெர்லின் தாடையால் காட்டுவது, மனைவி மார்லிஸ் தினமும் வேலைக்கு ஓட்டிப்போகும் நீலக் காரை. ஓய்வுபெற்ற அன்று வெர்லின் தனக்கென்று வாங்கிய சிவப்புக் கார் கராஜின் உட்புறம் போர்வைக்குள் தூங்குகிறது. மெஷின் உறுமத் தொடங்குகிறது.

சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு மார்லிஸ் வருகிறார். கத்தவில்லை. நேரே சிவப்புக் காரிடம் போய்ப் போர்வையை உருவுகிறார். கராஜே சிவந்துபோகிறது.

"இதுல பழகு, வெர்லின். கை திருந்தினப்புறம் என்னோடதுக்கு வா."

டுவைட் காலிக் கோப்பையை வெகுநேரம் குடிக்கிறார். உறுமல் மெல்ல இறங்கி அடங்குகிறது; எங்கோ யாரோ புல் வெட்டுவது கேட்கிறது. வெர்லின் பெரியதைத் துண்டின்மேல் வைத்துவிட்டுச் சின்னதை எடுக்கிறார்.

"தோள்பட்டைக்கு இதுதான் நல்லதாம்," என்கிறார், யாரையும் பார்க்காமல்.