ஆணுக்குத் தொண்ணூற்றெட்டு

ஜப்பானின் ஒதாரு துறைமுகத்துக் கரோக்கே கடையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கூட்டம் சேரும். யசுஹிகோவின் மனைவி ஃபுசாயே அங்கே எப்போதும் ஒரே பாட்டைத்தான் பாடுவாள். பனி பெய்யும் ரயிலடியில் காதலர் இருவர் பிரிகிற பாட்டு. பியானோ அழுதுகொண்டே கூட வரும். ஆணின் வரிகள் வந்தால் மைக்கை இறக்கிவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவற்றை யாரும் பாட மாட்டார்கள். முடிந்ததும் இயந்திரம் மதிப்பெண் போடும்: பெண்ணுக்கு எண்பத்தொன்பது, ஆணுக்குத் தொண்ணூற்றெட்டு.

“மெஷின் பழசுண்ணே,” என்பாள் கடைக்காரி கயோ.

யசுஹிகோவுக்கு வயிறு எரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் பேச்சுக்கு அந்தத் தலை ஒருநாளும் சாய்ந்ததில்லை. குளியல் தொட்டியில் கழுத்தளவு வெந்நீரில் கிடந்தபடி ஒரு மாதம் பாடிப் பழகினார். இன்று இரண்டாவது மைக்கைப் பிடுங்கி, கண்ணை மூடி உருகினார்.

ஆணுக்குத் தொண்ணூற்றெட்டு!

“பாத்தியாடி! இனிமே எவன் வேணும் உனக்கு?”

“அண்ணே,” என்றாள் கயோ, “நீங்க மைக்க ஆன் பண்ணவே இல்லியே.”

ஃபுசாயே ஜன்னலோரத்துக் காலி நாற்காலியைப் பார்த்து, கன்னம் சிவக்கக் கை தட்டிக்கொண்டிருந்தாள். யசுஹிகோ விறுவிறுவென்று போய், இனி எவனுக்கும் இங்கே இடமில்லை என்பதுபோல் அதில் தொப்பென்று உட்கார்ந்தார்.

மெத்தை சூடாக இருந்தது.