ஆளுக்கொரு மாடு

“பத்தடி தள்ளி நின்னா அந்த மனுஷனுக்கு ஆளா மரமான்னே தெரியாது. பயப்படாதடி” என்றாள் மூத்தவள். வாசலில் கடன் சங்கத்து அதிகாரி வண்டியை நிறுத்திவிட்டுத் தன் சோடாபுட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஓரகத்திகள் மூவருக்கும் ஆளுக்கொரு மாடு வாங்கத்தான் கடன் கொடுத்திருந்தார்கள். அந்தத் தொகைக்குச் சந்தையில் பல் போன மாடுதான் கிடைக்கும். அதனால் மூன்று கடனையும் ஒன்றாகப் போட்டு, முதல்தரமான சினைமாடு ஒன்றைப் பிடித்து வந்துவிட்டார்கள். கன்று போட்டதும் பாலை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வதாகப் பேச்சு.

விஷயம் தெரிந்தால் கடன் ரத்து. கன்று போட இரண்டு வாரம் இருக்கையில் மாட்டை விற்க வேண்டிவரும்.

மூத்தவள் கொட்டிலில், நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு மாடு நின்றது. அதிகாரி அதன் வயிற்றைத் தடவிப் பார்த்து எழுதிக்கொண்டார். பிறகு தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு இன்னொரு சொம்பும் கேட்டார். அதற்குள் சின்னவள் மாட்டைக் கொல்லை வழியே நடுவள் கொட்டிலுக்குச் சுற்றி ஓட்டிப்போய்ச் சுட்டியில் கரியைப் பூசிவிட்டாள்.

அடுத்த வீடு நாலு எட்டுதான். மனிதர் செருப்பு வாரைச் சரிசெய்தார், வேலியில் பூத்திருந்ததை எல்லாம் நின்று ரசித்தார். “சங்கத்துல ஆமையைத்தான் அனுப்பியிருக்காங்க அக்கா” என்று நடுவள் மூத்தவள் காதில் சிரித்தாள். அங்கே கருநெற்றி மாட்டையும் தடவிப் பார்த்து எழுதிக்கொண்டார்.

மூன்றாவது கொட்டிலுக்கு வந்து சேர அவருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. வழியில் யாருக்கோ போன் வேறு போட்டுப் பேசினார். முதுகில் சாக்கைப் போர்த்திக்கொண்டு மாடு மூச்சு வாங்க நின்றது. சின்னவளுக்கும் மூச்சு வாங்கியது.

அதிகாரி மாட்டின் நெற்றியைத் தடவி, கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். மூன்று தாளிலும் கையெழுத்துப் போட்டார். மூவருக்கும் அப்போதுதான் உயிர் வந்தது.

மூத்தவள் பவ்யமாக, மறுபடி எப்போது பார்க்க வருவார் என்று கேட்டுவைத்தாள். அவர் கையில் ஒட்டியிருந்த கரியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“கன்னு போட்டப்புறம் வர்றேன். நிறைசினை மாடும்மா, இதுக்கு மேல மெதுவா எனக்கு நடக்க வராது.”