நீலம்தான் ஜெயிப்பாள்

"நீலம்" என்றாள் அவள்.

சோற்றுக்குப் போன கைகள் நின்றன.

வட்டமாக உட்கார்ந்திருந்த பெண்கள் அவளையே பார்த்தார்கள். இந்தப் பனியன் கம்பெனிக்கு வந்த நாளிலிருந்து குனிந்த தலை நிமிராமல் துணியில் நூல் பிசிறு வெட்டுகிறவள். யாரும் கேட்காமல் அவள் பேசியதில்லை. கேட்டாலும் பேசியதில்லை.

"அட, இதுக்கும் வாயிருக்குது பாரு" என்றாள் பூவாத்தா அக்கா.

ஜரினாவின் போன் சோறு கொண்டுவந்த தூக்குப்போசியில் சாய்ந்து நின்றது. அதற்குள் ஜப்பான். அங்கே சாயங்காலம், இங்கே மத்தியானச் சோறு. பெண்கள் மல்யுத்தத்தின் இறுதி ஆட்டம் தொடங்கப் போகிறது.

மோதுகிறவர்களின் பெயர்கள் யார் வாயிலும் நுழையவில்லை. துணியோடு புழங்கும் கண்கள் துணியைப் பார்த்தே பெயர் வைத்தன.

மஞ்சள் பிரில், போன வருஷம் கோப்பை வாங்கியவள்.

கோடு கோடாய் நீல ரிப், உதை வாங்கியே இறுதி ஆட்டம்வரை வந்தவள்.

இரண்டு பேரும் ஒரே உயரம். ஒரே கறுத்த முடி. முகம் கிட்டத்தில் வந்தால் போனின் விரிசல் குறுக்கே நிற்கும்.

யார் ஜெயிப்பாள் என்றதற்கு எல்லோரும் மஞ்சளைச் சொல்லியிருந்தார்கள்.

"அடி வாங்கிட்டே வந்தவ எப்படிப் புள்ள ஜெயிப்பா?"

முந்தின ஆட்டங்களைப் பார்த்ததில் அவளுக்குத் தெரியும். சொல்லத்தான் வரவில்லை.

நீலம் விழுவாள். விழுந்ததும் எழமாட்டாள். கிடந்தபடியே, முகத்தை மூடிய முடியை இடது காதுக்குப் பின்னால் ஒதுக்குவாள். கண்ணாடி முன்னால் நிற்கிறவளைப் போல, அவசரமே இல்லாமல். அப்புறம்தான் எழுவாள்.

அப்படி எழுகிறவளை யார் என்ன செய்துவிட முடியும்?

போனை விட்டு அவள் கண் ஜன்னலோரம் போனது. துணியின் ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷின் காலியாகக் கிடந்தது. அதை ஓட்டியவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். சாப்பாடு முடிந்ததும் சூப்பர்வைசர் வந்து கேட்பார். பழக ஆசைப்படுகிறவர் எழுந்து நின்றால் போதும்.

போன தடவை அவர் கேட்டபோது அவள் குனிந்து நூல் வெட்டினாள்.

வெட்ட நூல் ஒன்றும் இருக்கவில்லை.

பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். குனிந்து குனிந்தே வாசலைத் தாண்டி வெளியே வந்துவிட்டாள்.

போனுக்குள் கூட்டம் கத்தியது.

ஒருத்தி மஞ்சளில் வந்தாள். எதிரே ஒருத்தி வெள்ளையில்.

"கடைசி ஆட்டத்துக்குப் புதுசு தெச்சுப் போடுவாங்களாம்" என்றாள் ஜரினா.

"உன்ற நீலத்துக்கு வேற துணியே கெடைக்கலயா? எழவு வீட்டுக்கு வந்தவளாட்டம் வெள்ளையில வந்து நிக்கறா!"

சிரிப்பு.

அவளும் வெள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு வெள்ளை நன்றாக அடித்தாள். மஞ்சளைத் தூக்கித் தரையில் போட்டாள். மஞ்சள் குப்புறக் கிடந்தாள்.

முடியை ஒதுக்கினாள்.

இடது காது.

அவள் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது.

"எந்திரி மஞ்சளு!"

"உடாத, காலப் புடி!"

பூவாத்தா அக்கா முழங்காலில் எழுந்து நின்று கத்தினாள். ஜரினா தரையைத் தட்டினாள். அத்தனை பேரும் அவளுடைய ஆளுக்காகத் தொண்டை கிழியக் கத்தினார்கள். அது அவர்களுக்குத் தெரியாது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானை முனையைக் கடித்துக்கொண்டாள்.

மறுபடி விழுந்தாள் மஞ்சள். மறுபடி ஒதுக்கினாள். இந்த முறை எழுந்தவள் வெள்ளையை இடுப்போடு சேர்த்துக் கட்டிப் பின்பக்கம் சாய்த்தாள். நடுவரின் உள்ளங்கை தரையில் அறைந்தது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

"போச்சு புள்ள, உன்ற நீலம்!"

சும்மா இருந்துவிடலாம். தோற்றவளாகவே சோற்றை முடித்துவிடலாம். பழகிய இடம்தான். வலிக்காது.

"அவதானுங்க்கா நீலம்."

"என்னது?"

"மஞ்சள் போட்டிருக்கறவ. துணியத்தான் மாத்தியிருக்கறா." போனைக் கைகாட்டினாள். "திருப்பிப் போடுங்க. விழுந்தா மொதல்ல முடியத்தான் ஒதுக்குவா. வேற யாரும் அப்படிப் பண்ண மாட்டாங்க."

திருப்பிப் போட்டார்கள்.

ஜரினா இரண்டு விரலால் முகத்தை விரித்தாள். விரிசலுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. காதுக்குப் பின்னால் போகும் கை.

உதை வாங்கியே வந்த அதே முகம்.

"அடக் கெரகமே! இத்தன நேரம் இவளுக்கா கத்துனோம்?"

யாரோ சிரித்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் அவளும் இருந்தாள்.

பூவாத்தா அக்கா தன் முட்டையைப் பிட்டு, பெரிய பாதியை அவள் சோற்றில் வைத்தாள்.

போனுக்குள் நீலம், மஞ்சள் உடுப்பில், தன் இடுப்புயரக் கோப்பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது. போசிகள் மூடின. கத்தரிகள் கைக்கு வந்தன.

சூப்பர்வைசர் ஜன்னலோரம் போய் நின்றார்.

"ஓவர்லாக்குல உக்கார்றது யாருங்க?"

தலைகள் குனிந்தன. யாரும் அசையவில்லை.

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள்.

நெற்றியில் விழுந்திருந்த முடியை இடது காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். அவசரமே இல்லாமல்.