எதுவும் சேர்க்காத குழாய்

வெயில் பட்டால் வீரியம் போய்விடும் என்று பாகல், புடல், கோவை இலைகளை நிழலில் உலர்த்தி, மிக்ஸியில் பொடித்து, ஊறவைத்து வடித்த சாற்றைக் கத்திரிப்பூ நிறக் கரைசலில் விட்டுப் பார்ப்பதுதான் ஜெசிந்தாவின் ஆராய்ச்சி. மருந்துக் குணம் இருந்தால் கரைசல் மஞ்சளாகும். அன்று எல்லாக் குழாய்களும் மஞ்சளாயின. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எதுவும் சேர்க்காமல் வைத்திருந்த குழாயும் மஞ்சளானது. கையைக் கழுவிவிட்டு வேறு குழாய் எடுத்தாள், அதுவும் மஞ்சள். கையுறை போட்டுக்கொண்டாள், அப்போதும் மஞ்சள். பேராசிரியர் கோமதிநாயகம் தானே ஒன்றைக் கலக்கிவைத்தார். நிறம் அப்படியே நின்றது. அவள் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்ததும் அதுவும் வெளுத்தது.

"அப்போ இவ்வளவு நாளா வந்த ரிசல்ட்டெல்லாம் இலையோடதா சார், என்னோடதா?" அவளுக்கு அழுகை முட்டியது.

அவர் அவள் உள்ளங்கையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணும் குழப்பிக்காதம்மா. வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு, காலையில வா" என்றார் கனிவாக. வாசலைத் தாண்டியவளை மறுபடி கூப்பிட்டார். "வெயில்ல மட்டும் நடக்காத. நிழலாப் பாத்துப் போ."

தலையாட்டிவிட்டுப் படியிறங்கினாள். பின்னால் அவர் மிக்ஸியைக் கழுவும் சத்தம் கேட்டது.