கம்பி ஆறும்வரை

குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாடுகளுக்குச் சூடு போடுகிற திம்மராயன், தணலிலிருந்து பழுத்த கம்பியை உருவுகிறான். காய்ச்சலில் கால் துவண்டுபோன கெம்பம்மா வண்டிச் சக்கரத்தில் சாய்ந்திருக்கிறாள். புருஷன் கரியப்பன் அவள் புடவையைக் கெண்டைக்கால்வரை ஒதுக்குகிறான். சற்றுமுன் சூடு வாங்கிய காளையின் மயிர் கருகிய நாற்றம் இன்னும் போகவில்லை. "காளைக்கே வாதம் எறங்கிருச்சு, உனக்கு எறங்காதா?" என்கிறான் திம்மராயன். "வலி எறங்குச்சான்னு அந்தக் காளையக் கேட்டீங்களா? ஆஸ்பத்திரியில சுடுதண்ணி ஒத்தடம் குடுத்து, தெனமும் நிக்கப் பழகச் சொன்னாங்க." புருஷன் கையைத் தட்டிவிட்டு, ஆரக்காலைப் பிடித்து எழுகிறாள். முழங்கால் வெடவெடக்கிறது, தொடைச் சதை தானாகத் துடிக்கிறது. "விழுந்துருவ, உக்காரு" என்று கரியப்பன் பதறுகிறான். "கம்பி ஆறட்டும், உக்காருறேன்." திம்மராயன் கையில் சிவப்பு மங்கி, கம்பி கறுத்தே போகிறது. அவள் உட்காரவில்லை.