சொல்வதை எழுதுக

"இதைக் கிறுக்குன கை எதுன்னு தெரியாம இன்னைக்கு ஒருத்தரும் வீட்டுக்குப் போக முடியாது" என்றார் மாதவன்.

அவர் கையில் ஒரு மொட்டைக் கடுதாசி. முதியோர் இல்லத்தின் புகார்ப் பெட்டியில் கிடந்தது. 'பெயர் எழுத வேண்டாம், பயப்பட வேண்டாம்' என்று அந்தப் பெட்டியில் பெயின்ட் அடித்து வைத்ததே செயலாளரான இவர்தான்.

சமையல்காரி தங்கச்செல்வி மற்ற நாலு வேலையாட்களோடு நின்றிருந்தாள். எழுதியது அவள்தான்.

'குருவம்மா கிளவிய ராமலச்சுமி அம்மா கட்டிலோட சேத்துக் கட்டிப் போடுறாக. அது பகலெல்லாம் அளுதுகிட்டுக் கெடக்கு.'

அவ்வளவுதான் கடுதாசி. ராமலட்சுமி இல்லத்தின் மேற்பார்வையாளர். செயலாளருக்குச் சொந்த அண்ணி.

கட்டிப் போட்டது நிஜமா என்று மாதவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தங்கச்செல்வி அதிர்ந்துபோனாள். பத்தடி தள்ளித்தான் குருவம்மாளின் அறை. கதவைத் திறந்தால் தெரிந்துவிடும். அதை விட்டுவிட்டு மனிதர் எழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே!

"எடது கையால கிறுக்கியிருக்கு. ஆனா பாருங்க டீச்சர், ழ வர்ற எடத்துலெல்லாம் ள. எல்லாருக்கும் ஒரு டிக்டேஷன் வைங்க. ஆளு தன்னால மாட்டிக்கிரும்."

கோகிலாம்பாள் டீச்சர், இல்லத்தை நடத்தும் அறக்கட்டளையின் உறுப்பினர். முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். ழ வராத பிள்ளையை, வரும்வரை வீட்டுக்கு விடமாட்டார் என்று அருப்புக்கோட்டை பூராவும் பெயர்.

அவர் மறுத்துவிடுவார் என்று தங்கச்செல்வி நம்பினாள். டீச்சரோ கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "பேப்பர் குடுங்க" என்றார்.

படித்த பாவி! தங்கச்செல்விக்கு மனசு கொதித்தது. இந்த வேலை போனால் எம்.ரெட்டியபட்டியில் பருத்தி எடுக்கத்தான் போகவேண்டும். அதுவும் வருஷத்தில் ரெண்டு மாசம்தான் கிடைக்கும்.

"நான் சொல்றது காதுல எப்படி விழுதோ, அப்படியே எழுதணும். யாரும் சொந்த அறிவைக் காட்டக் கூடாது."

அதட்டிவிட்டு, கிழவியும் வாழைப்பழமும் மழையும் வருகிற நாலு வரியைச் சொன்னார் டீச்சர். ஒவ்வொருவர் பின்னாலும் போய் நின்றார். மாதவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சில் அவருக்கும் ழ வராது. எழுத்தில் மட்டும்தான் குற்றம் கண்டுபிடிப்பார்.

எந்த இடத்தில் எந்த எழுத்து என்பது தங்கச்செல்விக்கு நாற்பது வயதாகியும் பிடிபடவில்லை. வந்ததை எழுதி நீட்டினாள்.

ஐந்து தாளையும் புரட்டிய மாதவனுக்கு முகம் சுண்டிப்போனது.

"என்ன டீச்சர் இது? அஞ்சு பேரும் ள போட்டிருக்காக! நர்சுக்குப் படிச்ச ஜோதிகாவுமா?"

"அப்ப அஞ்சு பேரும் சேர்ந்து எழுதுன கடுதாசின்னு வச்சுக்கோங்க." டீச்சர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "எழுத்தைப் பாத்தாச்சு. இனிக் கட்டிலைப் பாப்போம், வாங்க."

"டீச்சர், அண்ணி வரட்டும். அவுகளைக் கேட்டுட்டு..."

டீச்சர் அதற்குள் கதவைத் திறந்துவிட்டார்.

குருவம்மாளின் இரண்டு கையையும் கிழிந்த சேலைத் துணியால் கட்டில் கம்பியோடு இறுக்கியிருந்தது. மணிக்கட்டில் தோல் உரிந்து சதை தெரிந்தது. தான் எழுதியதைவிட இது மோசம் என்று தங்கச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். மாதவன் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

டீச்சர் போனில் ஒரு படம் எடுத்தார். "மாதவன், நாளைக்கு இதைக் கலெக்டர் ஆபீசுல குடுக்கப் போறேன். என் பேரைப் போட்டே குடுக்கப் போறேன்."

பிறகு குனிந்து முடிச்சில் கை வைத்தார். ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"அழாதீங்க குருவம்மா. இதோ, அவிழ்த்துட்டேன். மெல்ல எழுந்திருங்க."

ஜோதிகா தங்கச்செல்வியின் காதுப்பக்கம் சாய்ந்தாள்.

"அக்கா, கேட்டீகளா? இப்ப டீச்சருக்கு ஒரு ழ கூடப் பிசகல. டிக்டேஷன்ல மட்டும் 'கிளவி, வாளப்பளம், மளை'ன்னு அழுத்தி அழுத்திச் சொன்னாக. நான் சரியா எழுதப் போனேன், 'சொன்னபடி எழுது'ன்னு என் தாள் மேலயே விரலை வச்சுட்டாக!"